பொன்னேரிப் பக்கம் பசுமை விடுதி: வடசென்னைக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே அம்மா வழியில் வந்த ஒன்றே முக்கால் ஏக்கரில் நான்கு அறை கட்டி, 2018 முதல் தங்கும் விடுதி நடத்துகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில், காசிமேட்டில் மீன் வாங்கும்போது, ரயிலில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, பசுமை விடுதின்னா இன்னா? கீத்துக் கொட்டா போட்டு மண்பானை வெச்சா ஆச்சா?

ஆகாது. கொட்டகையும் பானையும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், விருந்தாளி ஒருவர் ஒரு நாள் தங்கினால் அவர் பயன்படுத்திய தண்ணீர், மலம், குப்பை, மின்சாரம் நான்கும் எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்று உங்களால் கையைக் காட்டிச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அது பசுமை விடுதி. முடியாவிட்டால் பச்சை பெயின்ட் அடித்த லாட்ஜ்.

இது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காற்றை மூச்சில் இழுத்து வளர்ந்தவர்கள் நாம். ‘தூக்கிப் போட்டாச்சு’ என்று மற்றவர்கள் சொல்வது யார் வீட்டு வாசலில் வந்து விழும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எல்லாரும் ஈசிஆர், மகாபலிபுரம்னுதான போறாங்க. நம்ம வடக்கால யாரு வருவா?

நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் இங்கே இருப்பது அங்கே கிடையாது. பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது இதுதான். மழை முடிந்ததிலிருந்து மார்ச் வரை பூநாரை, கூழைக்கடா, நாரை வகைகள் என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர் இது. எலும்புக்கூடு செதுக்கிய தூண்களோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் நிற்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் மொட்டைமாடியில் நின்றாலே தெரியும். அந்த வாரம் எனக்கு ஒரு அறையும் காலியாக இருக்காது.

அப்புறம் ரயில். சென்ட்ரலிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறினால் பொன்னேரியில் இறங்கிவிடலாம். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு வீட்டு வாசலில் வண்டி. காரில் வராமல் ரயிலில் வருபவர்களுக்கு வாடகையில் 200 ரூபாய் குறைக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊர் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டி வந்துவிடுவார்.

எங்க அப்பா நிலம் ஒரு ஏக்கர்கூட வராது. போதுமா?

அறைக்கு இடம் போதும். யோசிக்க வேண்டியது, கழிவுநீரை உள்ளேயே வாங்கிக்கொள்ளும் மண் எவ்வளவு இருக்கிறது என்று. ஒரு ஏக்கரில் இரண்டு, மூன்று அறைக்கு மேல் போகாதீர்கள். இருபது அறை கட்டத்தான் ஆசை என்றால் இந்தப் பக்கத்தை இதோடு மூடிவிடலாம். அது வேறு தொழில்.

வயல்ல ரூம் கட்டலாமா மேடம்? என்னென்ன பேப்பர் வேணும்?

முதலில் பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று. நிலம் நன்செயா புன்செயா என்று பாருங்கள். விவசாய நிலத்தில் வணிகக் கட்டடம் என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். நன்செய் என்றால் ஆட்சியர் அலுவலகம் வரை போகும், நாள் பிடிக்கும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசாணை வந்துவிட்டதால், உங்கள் ஊர் யார் கையில் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் வரைபடம் போடுங்கள். பழைய தகவலை நம்பி ஒரு மாதம் அலைந்தவள் சொல்கிறேன்.

கடலோரம் என்றால் இன்னொரு விஷயம். உச்ச அலை மட்டத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஏரிக்கரை, முகத்துவாரம், அலை ஏறும் ஓடை இவற்றுக்கும் விதி உண்டு. பழவேற்காடு பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையும் கேள்வி கேட்கும். ‘ஏரியைப் பார்த்தாற்போல் இடம்’ என்று புரோக்கர் சொன்னால் ஆசைப்படுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். நான் ஏரியிலிருந்து வேண்டுமென்றேதான் தள்ளி இருக்கிறேன்.

திறந்த பிறகு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். பறவை பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், இதை மறந்துவிடாதீர்கள்.

போர் போட்டா தண்ணி வந்துடும்ல? ஏரி பக்கத்துல இருக்கே!

வரும். வாயில் வைக்க முடியாது. நம் பக்கத்தில் யாருமே முதலில் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும் முடிவு செய்கிற விஷயம் இதுதான். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக விவசாயத்துக்கும் ஆலைகளுக்கும் சென்னையின் குடிநீருக்கும் நிலத்தடியிலிருந்து உறிஞ்சியதில், கடல்நீர் நிலத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் மழையில் ஊறிய நல்ல தண்ணீர் மேலே ஒரு படலமாக மிதக்கும், அடியில் உப்பு நிற்கும். ஆழமாகத் துளை போட்டு வேகமாக இழுத்தால் அடியில் இருப்பது ஏறி வந்துவிடும்.

என் கதை அதுதான். முதலில் போர் போட்டுக் கொடுத்தவர், ‘இன்னும் அம்பது அடி போனா இளநீர் மாதிரி வரும்’ என்றார். போனோம். சோப்பு நுரைக்கவில்லை, துருப்பிடிக்காத எஃகு என்று வாங்கிய குழாய்கூட ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகிவிட்டது. அந்தப் போரை மூடிவிட்டுத் தாத்தா காலத்துக் கிணற்றைத் தூர் வாரினேன். பதினெட்டு அடி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் சின்ன மோட்டார். அவ்வளவுதான் எடுப்பேன்.

நிலம் வாங்கும் முன் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மே மாதத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். டிசம்பரில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க உகந்தது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். என் கிணறு கோடையில் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். குளிக்க, துவைக்க ஆகும். குடிக்க மழைத் தண்ணீர்.

மழைத்தண்ணி எல்லாம் சரிப்பட்டு வருமா? கவர்மெண்டு சொன்னதுக்காக வீட்ல ஒரு குழாய் வெச்சோம், அதோட சரி.

சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 1,20,000 லிட்டர் ஆகிறது. சிந்தியது, முதல் மழையில் கழுவி விட்டது போக 80 சதவீதம் பிடித்தால் 96,000. நான்கு அறைக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 150 லிட்டர் போதும் என்பது என் அனுபவம்.

சிக்கல் என்னவென்றால், இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் தொட்டி பெரிதாக வேண்டும். என்னுடையது தரைக்கு அடியில் 40,000 லிட்டர். கட்டும்போது அண்ணன் சிரித்தார். ‘உனக்கென்ன பூண்டி ஏரி கட்டுறதா நெனப்பா?’ என்றார். ஜூனில் வந்தால் அவரும் அதைத்தான் குடிக்கிறார். முதல் இரண்டு மழையை உள்ளே விடாதீர்கள், கரி-மணல் வடிகட்டி வையுங்கள், வெயிலும் கொசுவும் நுழையாமல் மூடுங்கள். தொட்டி நிறைந்த பிறகு வழிகிற தண்ணீர் கிணற்றோரக் குழிக்குப் போக வேண்டும். மேலே சொன்ன மிதக்கும் நல்ல தண்ணீர்ப் படலத்துக்கு நீங்கள் திருப்பிக் கொடுப்பது அது.

கேக்க கூச்சமா இருக்கு... கக்கூஸ் தண்ணி எங்க போவுது?

கூச்சத்தோடாவது கேட்டதற்கு நன்றி. நூறு பேரில் இரண்டு பேர்தான் கேட்கிறார்கள். ஊரில் வழக்கமாக இரண்டு உறிஞ்சு குழி தோண்டச் சொல்வார்கள்: ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்கு மாற்றுவது, மூடியது ஒன்றிரண்டு வருடத்தில் எருவாகிவிடும். நல்ல முறை, மலிவும்கூட. ஆனால் குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இரண்டு மீட்டர் உலர்ந்த மண் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் நவம்பரில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். இதை யோசிக்காமல் ஒரு ஒப்பந்தக்காரர் பேச்சில் குழி போட்டேன். முதல் மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஏறி, கழிப்பறைக் கோப்பையில் எதிர்த்துக்கொண்டு வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். அன்றைக்கு எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

இப்போது இருப்பது தரைக்கு மேலே மூன்றடி உயர்ந்து நிற்கும், நீர் கசியாத மூன்று அறைத் தொட்டி. அதிலிருந்து வடியும் நீர் ஜல்லியும் மணலும் நிரப்பிய, அடியில் தண்ணீர் இறங்காத தாள் விரித்த பாத்திக்குப் போகிறது. பாத்தி முழுக்கக் கல்வாழையும் நாணலும். அதைத் தாண்டி வருவது சவுக்குக்கும் தென்னைக்கும். கீரைக்கும் காய்க்கும் விடுவதில்லை. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தனிக் குழாய், தனிப் பாத்தி. அது வாழைக்குப் போகும். கிணற்றுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள்.

ஒரு கண்டிப்பு வேண்டும். பினாயில், ஆசிட் ஊற்றிக் கழுவினால் தொட்டிக்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்து நாறும். வேலைக்கு வந்த அக்காவிடமிருந்து ஆசிட் பாட்டிலைப் பிடுங்கி வைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. வெள்ளையாக இல்லாவிட்டால் சுத்தமில்லை என்பது அவர் வாதம்.

எதால கட்டுனீங்க? மண் சுவரா?

அஸ்திவாரமும் தரைமட்டமும்தான் இங்கே முக்கியம். ஆரணியாறு பெருகினால் எதுவரை தண்ணீர் வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலே மூன்றடி ஏற்றினேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தோட்டம் முழுக்கத் தண்ணீர், அறைக்குள் வரவில்லை.

சுவர் சாம்பல் செங்கல். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் என்ன செய்தது என்று தெரிந்துதான் வாங்கினேன். ஆற்றில் கிடப்பதைவிடச் சுவருக்குள் இருக்கட்டும். கதவு, ஜன்னல் எல்லாம் வண்ணாரப்பேட்டையில் இடித்த பழைய வீட்டுத் தேக்கு. ஓட்டுக் கூரை. கீற்று வேய்ந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீப்பயம், அதில் வடியும் மழைத் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் வரும். உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு கீற்றுப் பந்தல் மட்டும் போட்டிருக்கிறேன். உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இரும்புத் தகடு, இரும்பு வேலி பக்கம் போகாதீர்கள். வேலிக்குக் கிளுவை, நொச்சி, பனை.

மே மாசத்துல ஏசி இல்லாம யாரு தங்குவா? நீங்களே தங்குவீங்களா?

தங்குகிறேன். மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லை, கிழக்கில் பெரிய ஜன்னல், எதிரே உயரத்தில் காற்றுப்போக்கி. சுற்றி எட்டடித் தாழ்வாரம். மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும். 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் புது வகை. எல்லாம் சரி. ஆனால் கத்திரியில் கடல்காற்று தாமதமாகிற நாட்களில் வேகத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு அறையில் ஏசி வைத்திருக்கிறேன். என் மாமியார் ஒரு கோடையில் மயங்கி விழுந்த பிறகு வைத்தது. வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த அறை. மின்சாரம் மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குகிறேன். ‘நீ எப்படிப் பசுமை விடுதி?’ என்று கேட்பவர்களிடம் சண்டை போடுவதில்லை. மே இரண்டாவது வாரம் முதல் ஜூன் பாதி வரை விடுதியையே மூடிவிடுகிறேன், மராமத்து வேலைக்கும் அதுதான் நேரம்.

சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே?

யாரோ விற்க வந்தவர் சொல்லியிருப்பார். 1 கிலோவாட் தகடு நம் வெயிலுக்கு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். விளக்கு, விசிறி, மோட்டார், குளிர்பெட்டிக்குச் சரியாகப் போகும். ஏசியை இரவெல்லாம் ஓட்டினால் அதுவே கிட்டத்தட்டப் பத்து யூனிட் தின்றுவிடும், அதுவும் சூரியன் இல்லாத நேரத்தில். வீடுகளுக்கு மத்திய அரசு தரும் கூரைச் சூரிய மின் மானியம் வணிக இணைப்புக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முக்கியமான ஒன்று: விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் அறைக்கு ஒரு பல்பு எரித்தாலும் தப்பு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்கிறார் என்று நீங்கள் செய்யாதீர்கள்.

நீச்சல் குளம் இல்லன்னா பசங்க மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவாங்களே?

ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டர், இடுப்பளவு ஆழம் என்றால் 21,000 லிட்டருக்கு மேல். குளோரின் போட்ட அந்தத் தண்ணீரைச் செடிக்கும் விட முடியாது. என் கிணறு தாங்காது. அதற்குப் பதில் பம்ப்செட் தொட்டி இருக்கிறது: 5,000 லிட்டர், காலையில் நிரம்பும், பிள்ளைகள் கும்மாளம் போடுவார்கள், மாலையில் மடையைத் திறந்தால் தென்னைக்குப் போய்விடும். தொட்டிக்குள் சோப்பு, ஷாம்பு கிடையாது. இதுவரை எந்தப் பிள்ளையும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அப்பாக்கள்தான் வெளியே வர மறுக்கிறார்கள்.

சாப்பாடு நாமளே போடணுமா? மெனு கார்டு எல்லாம் வேணுமா?

மெனு கார்டு வைத்தால் மீதியாகும், மீதியானால் குப்பை. எத்தனை பேர், சைவமா அசைவமா என்று முன்தினம் மதியத்துக்குள் கேட்டு ஒரே சமையல். ஏரி இறால், நண்டு, மடவை என்று அன்று எது கிடைத்ததோ அது. பழவேற்காட்டில் மீனவ ஊர்கள் ‘பாடு’ என்ற முறைப்படி யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று தங்களுக்குள் முறை வைத்துப் பிடிக்கிறார்கள். வலை வராத நாளில் ‘எப்படியாவது நண்டு வேணும்’ என்று அடம்பிடிக்கும் விருந்தாளிக்குக் கத்திரிக்காய்க் காரக்குழம்புதான். சினை நண்டும் பொடி நண்டும் வாங்குவதில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலில் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும், அதைக் கணக்கில் வையுங்கள்.

கோடையில் நுங்கும் பதநீரும், தை மாதம் பனங்கிழங்கும் வைத்தால் போதும், ஐஸ்கிரீமை யாரும் கேட்பதில்லை. சமையல் கழிவில் ஒரு பகுதி சாண எரிவாயுக் கலனுக்குப் போகிறது. ஒரு கன மீட்டர் வாயு கிட்டத்தட்ட அரைக்கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். காலை டீயும் இட்லியும் அதில் ஆகிவிடும். மீன் முள்ளையும் எலுமிச்சைத் தோலையும் உள்ளே போடாதீர்கள்.

குப்பைய இன்னா பண்றீங்க? கொளுத்திடுவீங்களா?

கொளுத்துவதே இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை; ஆனாலும் ஷாப்பிங் பையைவிட எனக்குத் தலைவலி மூன்று: சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், குழந்தைகளுக்கான டயப்பர். ஊராட்சி வண்டி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது, வந்தாலும் எங்கே கொட்டுகிறார்கள் என்று நான் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரை.

அதனால் விதி இது. வந்ததும் ஒரு துணிப்பை கொடுப்பேன். பாக்கெட், பாட்டில் எதைக் கொண்டுவந்தீர்களோ, அதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். பாதிப்பேர் சிரிப்பார்கள், கால்வாசிப்பேர் கோபப்படுவார்கள். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் கோபம் குறைகிறது. டயப்பரையும் நாப்கினையும் திருப்பிக் கொடுப்பது மனிதத்தன்மை இல்லை என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள், அவள் சொன்னது நியாயம். அவற்றை மட்டும் காகிதத்தில் சுற்றித் தனியாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை நானே மருத்துவக் கழிவு எடுப்பவர்களிடம் காசு கொடுத்துக் கொடுக்கிறேன்.

கொசு, பாம்பு இதெல்லாம்?

உண்டு. கொசுவுக்கு வலை, மூடிய தொட்டி, திறந்த தொட்டியில் கப்பி மீன். கல்வாழைப் பாத்தியில் தண்ணீர் ஜல்லிக்குக் கீழேதான் ஓட வேண்டும். மேலே தெரிந்தால் கொசுவுக்கு நீங்கள் நடத்தும் விடுதி அது.

பாம்பு வயல்வெளியில் இல்லாமல் எங்கே இருக்கும்? இரவில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, விறகையும் ஓட்டையும் அறைக்குப் பக்கத்தில் அடுக்கக் கூடாது, எலி வந்தால் பாம்பு வரும் என்பதால் சிந்திய சோறு இருக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எல்லா அறையிலும் ஒட்டியிருக்கிறேன். ஏழு வருடத்தில் ஒரு நாகமும், எண்ண முடியாத அளவு சாரையும் பார்த்தோம். கடி ஒன்றுகூட இல்லை.

அக்கா, ஏரில போட்டிங் ஏற்பாடு பண்ணித் தருவீங்களா? அதுல நல்ல காசாமே?

தர மாட்டேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், கிறிஸ்துமஸுக்குச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் நின்றால் யாராவது ரகசியமாகக் கூப்பிடத்தான் செய்வார்கள். என் விருந்தாளி அந்தப் படகில் ஏறினார் என்று தெரிந்தால் அடுத்த முறை அவருக்கு அறை இல்லை. கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தாலே பூநாரை நன்றாகத் தெரியும். படகு நெருங்கினால் அது பறந்துதான் போகும்.

பசங்க பார்ட்டி, டிஜேன்னு கேட்டா? அதுலதான காசு?

காசு அதில்தான், ஒத்துக்கொள்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் மது பரிமாறுவது குற்றம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் கூடாது. சட்டத்தை விடுங்கள், ஊரில் நாலு மணிக்கு எழுந்து வலைக்கும் நாற்றுக்கும் போகிறவர்கள் தூங்க வேண்டாமா? ஒன்பதரைக்குத் தோட்ட விளக்கையே அணைத்துவிடுகிறேன். இருட்டு பிடிக்காதவர்கள் மறுபடி வருவதில்லை. பரவாயில்லை.

உண்மையச் சொல்லுங்க, மாசம் எவ்ளோ நிக்கும்?

என் கணக்கு இது. அறைக்கு ஒரு நாள் 2,500 ரூபாய், நான்கு அறை. மாதத்தில் எட்டு நாள்தான் நிறையும்: சனி, ஞாயிறு. ஆக 80,000. சாப்பாட்டில் பெரிதாக மிஞ்சாது. உள்ளூரில் மூன்று பேருக்குச் சம்பளம், மின்சாரம், சலவை, மராமத்து எல்லாம் போக நல்ல மாதத்தில் 25,000 கையில் நிற்கும். நல்ல மாதம் என்பது டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. அக்டோபர், நவம்பரில் புயல் செய்தி வந்தாலே முன்பதிவு ரத்து. கொரோனா இரண்டு வருடம் என் நகை பேங்கில் இருந்தது.

அதனால் கடன் வாங்கி ஆரம்பிக்காதீர்கள். வேலையை விட்டுவிட்டும் வராதீர்கள். நிலம் சும்மா கிடக்கிறது, ஓய்வூதியமோ வேறு வரும்படியோ இருக்கிறது என்றால் இரண்டு அறையோடு தொடங்கலாம்.

ஊர்க்காரங்க தொல்லை பண்ண மாட்டாங்களா?

அவர்கள் பார்வையில் தொல்லை நாம்தான். முதல் வருடம் என் கிணற்று மோட்டார் ஓடும்போது பக்கத்து வீட்டுக் கைபம்பு இளைத்தது. சண்டைக்கு வந்தார்கள், வந்தது சரி. மேலே சொன்ன காலை, மாலை ஒரு மணி நேரக் கணக்கு அந்தப் பஞ்சாயத்தில் பிறந்ததுதான். சமையலுக்கு, தோட்டத்துக்கு, ஆட்டோவுக்கு அதே ஊர் ஆட்கள். பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடையை அறையில் வைத்து, விலையை அவர்கள் சொன்னபடியே எழுதி விற்றுக் கொடுக்கிறேன், கமிஷன் இல்லை. ஆடித் திருவிழா நன்கொடையை முதல் ஆளாகக் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

கோவிச்சுக்காதீங்க. நீங்க விடுதி வெச்சதே அந்த ஏரிக்குக் கெடுதல் இல்லையா?

கோபம் இல்லை. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. கெடுதல் உண்டு. நான் வருவதற்கு முன் அந்தத் தெருவில் கார் வந்ததில்லை. என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விடுதி கட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் நீச்சல் குளத்தோடு. அந்தக் கணக்கு என் பேரில்தான் எழுதப்பட வேண்டும்.

துறைமுகம், சாம்பல், 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரமெங்கும் படர்ந்த எண்ணெய் இவற்றோடு ஒப்பிட்டால் என் நான்கு அறை ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘அவங்களும் அப்படித்தான் அத்தை சொல்வாங்க’ என்றாள். ஐந்தாவது அறைக்கு வாங்கி வைத்திருந்த செங்கல் இன்னும் வேலியோரம் அடுக்கியபடியே இருக்கிறது.

உங்க எடத்த வந்து பாக்கலாமா?

வாங்க. செவ்வாய், புதன் கிழமைகளில் வாங்க, கூட்டம் இருக்காது. சிறுவாபுரி போகிறவர்கள் செவ்வாயன்று கோவிலை முடித்துக்கொண்டு வரலாம். முதலில் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டுவேன், அப்புறம் கிணறு. மூக்கைப் பொத்தாமல் நின்று பார்த்தவர்களுக்கு டீ உண்டு. அறையை அதற்கப்புறம் பார்க்கலாம்.